ஆடிக் கிருத்திகையைக் கணிக்கும் கைபேசி

சென்னையிலிருந்து அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் ரயில் பாதையில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படும் மலைக்கோயில் நகரம். சித்தூர் மாவட்டத்தோடு இருந்த திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி, 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது என்றாலும், மலையேறும் பக்தர்களிடையே தமிழும் தெலுங்கும் இன்றும் கலந்தே ஒலிக்கின்றன. ஆடிக் கிருத்திகையன்று காவடியுடன் வரும் பெருங்கூட்டம் படிக்கட்டுகளையும் சரவணப் பொய்கைக் கரையையும் நிறைத்துவிடும்போது, அங்குள்ள செல்பேசிக் கோபுரங்கள் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய இணைப்புகளின் வரம்பைக் கூட்டத்தின் எண்ணிக்கை எளிதில் தாண்டிவிடுகிறது. அப்போது திரையில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிந்தாலும் தரவு நகருவதில்லை. கிருத்திகை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எப்போது முடிகிறது, சூரிய உதயம் எப்போது என்பன போன்ற கேள்விகளுக்குத் தொலைவிலுள்ள சர்வரைக் கேட்டுப் பதில் சொல்லும் செயலி அந்த நாளில், அந்த இடத்தில் பயன்படாது. கைபேசிக்குள்ளேயே கணித்துச் சொல்லும் செயலிதான் பயன்படும்.

அப்படிப்பட்ட செயலியை எந்த மொழியில் எழுதுவது என்பது நிரலாளர்களின் சொந்த விருப்பம் மட்டும் சார்ந்த விஷயமாக இருப்பதில்லை. மனிதர் எழுதும் நிரலை, கைபேசியின் மூளையான பிராசஸர் நேரடியாகப் புரிந்துகொள்வதில்லை. அது அறிந்தது எண்களாலான இயந்திரக் கட்டளைகளை மட்டுமே. எழுதிய நிரலை அந்தக் கட்டளைகளாக மாற்ற இரு வழிகள் உள்ளன. நிரல் ஓடும்போதே ஒவ்வொரு கட்டளையாகப் படித்து, அதன் பொருளை அறிந்து, உடனுக்குடன் செய்து காட்டும் இன்டர்பிரெட்டர் என்னும் மென்பொருளைக் கைபேசியில் வைப்பது ஒரு வழி. நிரலைத் தயாரிப்பவரின் கணினியிலேயே முழுவதும் ஆராய்ந்து, பிழைகளைச் சுட்டி, தேவையற்றதை நீக்கி, இயந்திரக் கட்டளைகளாக மாற்றி முடித்து, அந்த முடிவை மட்டும் கைபேசிக்கு அனுப்புவது மற்றொரு வழி. இந்த மாற்றத்தைச் செய்யும் மென்பொருளே கம்பைலர், தமிழில் தொகுப்பி. கிரேஸ் ஹாப்பர் 1952-இல் உருவாக்கிய ஏ-0 என்ற முன்னோடி முயற்சியிலும், ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரானிலும் தொடங்கிய இந்த மரபில்தான் சி, சி பிளஸ் பிளஸ், ஸ்விஃப்ட், ரஸ்ட், கோ ஆகிய மொழிகள் வருகின்றன. உழைப்பு யாருடைய கணினியில் நடக்கிறது என்பதே இரு வழிகளுக்கும் இடையிலுள்ள அடிப்படை வேறுபாடு. தொகுக்கப்பட்ட மொழியில் தயாரிப்பாளர் ஒருமுறை உழைக்கிறார். தொகுக்கப்படாத மொழியில் அதே உழைப்பை ஒவ்வொரு பயனரின் கைபேசியும், ஒவ்வொரு முறையும், தன் பேட்டரியைச் செலவிட்டுச் செய்கிறது. விலை குறைந்த, பழைய கைபேசியை வைத்திருப்பவருக்கே இதன் சுமை அதிகம் என்பதால், இதை வேகம் பற்றிய கேள்வியாக மட்டுமன்றி நியாயம் பற்றிய கேள்வியாகவும் பார்க்க வேண்டியுள்ளது.

கிருத்திகைக் கணக்கையே எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும். சந்திரன் செல்லும் 360 பாகை வட்டத்தை 27 நட்சத்திரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 13 பாகை 20 கலை கிடைக்கும். மூன்றாவதான கிருத்திகை 26 பாகை 40 கலையில் தொடங்கி 40 பாகையில் முடிகிறது. சூரியன் கடக ராசியில், அதாவது 90 முதல் 120 பாகைக்குள், நிற்கும் காலம் ஆடி. ஆகவே சூரியன் அந்த எல்லைக்குள்ளும் சந்திரன் இந்த எல்லைக்குள்ளும் ஒருசேர நிற்கும் நேரமே செயலி தேட வேண்டிய நேரம். சந்திரன் சீரான வேகத்தில் செல்வதில்லை என்பதில்தான் கடினம் உள்ளது: ஒரு நாளில் ஏறத்தாழ 12 பாகை நகரும் காலமும் உண்டு, 15 பாகை நகரும் காலமும் உண்டு, அதனால் ஒரு நட்சத்திரம் சில சமயம் 21 மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, சில சமயம் 27 மணி நேரம் நீடிக்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் மேயூஸ் 1991-இல் வெளியிட்ட ‘ஆஸ்ட்ரனாமிக்கல் அல்காரிதம்ஸ்’ நூலில் தரும் சுருக்கிய முறைப்படிகூட, சந்திரனின் இருப்பிடத்தை ஒருமுறை அறிய 60 சைன் உறுப்புகளைக் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினால் நட்சத்திர நேரத்தில் வரும் பிழை அரை நிமிடத்துக்கும் குறைவாகவே இருக்கும்.

இந்த 60 என்ற எண்ணை வைத்து ஒரு மதிப்பீடு செய்யலாம். நட்சத்திரம் முடியும் நேரத்தைக் கண்டுபிடிக்க, 24 மணி நேர இடைவெளியை எடுத்து, நடுவில் சந்திரன் எங்கிருக்கிறது என்று பார்த்து, தேவையான பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் பாதியாக்கிச் சென்றால், 17-ஆவது முறையில் ஒரு விநாடிக்கும் குறைந்த இடைவெளி மிஞ்சும். நாளொன்றுக்குத் திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என நான்கு முடிவு நேரங்களை ஓராண்டுக்குக் கணித்தால், 365-ஐ 4, 17, 60 ஆகியவற்றால் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 15 லட்சம் சைன் மதிப்புகள். தொகுக்கப்பட்ட சி நிரல் இவ்வளவையும் சாதாரணக் கைபேசியில் ஒரு விநாடிக்குள் முடித்துவிடும். இன்டர்பிரெட்டரிலோ, ஒவ்வொரு கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் முன்பாக, இது என்ன கட்டளை, எண்கள் எங்கே உள்ளன, எந்த வகையைச் சேர்ந்தவை என்று கண்டறியும் பல கட்டளைகள் கூடுதலாக ஓட வேண்டியிருப்பதால், அதே கணக்கு பல மடங்கு நேரமும் மின்சாரமும் கேட்கும்.

உழைப்பை முன்கூட்டியே செய்து முடித்து, கடைசியில் இருப்பவரிடம் எளிய வேலையை மட்டும் விடும் இந்த எண்ணம் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக் கலைக்குப் புதிதன்று. வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடித்தளமான சந்திர வாக்கியங்கள் 248. வரருசியின் பெயரால் வழங்கும் இவை, எழுத்து ஒவ்வொன்றும் ஓர் எண்ணைக் குறிக்கும் கடபயாதி முறையில் அமைந்த சிறு தொடர்கள். சந்திரன் தன் வேக ஏற்ற இறக்கச் சுற்றை ஒன்பது முறை முடிக்க ஏறத்தாழ 248 நாட்கள் ஆகின்றன என்பதால், அந்த 248 நாட்களுக்குரிய இருப்பிடங்கள் ஒருமுறை கணித்துச் சொற்களாக்கி வைக்கப்பட்டன. பஞ்சாங்கம் கணிப்பவர் கடந்த நாட்களின் எண்ணிக்கையை 12,372, 3,031, 248 ஆகிய எண்களால் அடுத்தடுத்து வகுத்து, மிஞ்சும் எண்ணுக்குரிய வாக்கியத்தை நினைவிலிருந்து எடுத்து, உரிய திருத்தங்களைக் கூட்டினால் போதும். சைன் அட்டவணையைத் தொடவே வேண்டியதில்லை. மதராஸ் வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825-இல் வெளிவந்த ‘கால சங்கலித’ நூலில், புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த அட்டவணைகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவுசெய்துள்ளார். அறிவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபாவர் 1952-இல் எழுதிய தமிழ் வானியல் பற்றிய கட்டுரையில் இந்தக் கணக்கை விரிவாக ஆராய்ந்தார். 1825 மே 31 இரவுக் கிரகணத்தின் தொடக்கத்தை அந்தக் கணிதர் 4 நிமிடப் பிழையிலும், நடுவை 23 நிமிடப் பிழையிலும், முடிவை 52 நிமிடப் பிழையிலும் சொல்லியிருந்தார். காகிதமும் கருவியும் இன்றி இத்தனை துல்லியம் கிட்டியதற்கு, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே யாரோ செய்து முடித்திருந்த உழைப்பு காரணம். தமிழ்நாட்டில் நிரலாக்கம் கற்பிப்போர் பாடத்தின் முதல் வாரத்திலேயே சொல்லித் தரத்தக்க எடுத்துக்காட்டு இது.

இன்றைய செயலிகளில் அந்த வாக்கியங்களின் இடத்தில் இருப்பது சி மொழியில் எழுதப்பட்ட ஸ்விஸ் எஃபெமெரிஸ் போன்ற நிரல்தொகுப்பு. சுவிட்சர்லாந்தின் ஆஸ்ட்ரோடீன்ஸ்ட் நிறுவனத்துக்காக டீட்டர் கோஹ், அலோயிஸ் டிரைன்டில் ஆகியோர் உருவாக்கி 1997 முதல் வழங்கிவரும் இது, நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் கணித்த கோள் இருப்பிடங்களைச் சுருக்கி, 600 ஆண்டுகளுக்கு ஒன்றாகச் சிறு கோப்புகளில் அடக்கியுள்ளது. மேக்நாத் சாகா தலைமையிலான இந்திய நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955 அறிக்கையில் பரிந்துரைத்ததும், லாகிரி என்ற பெயரால் வழங்குவதுமான அயனாம்சம் இதில் ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. அயனாம்சம் என்பது மேலைநாட்டார் அளக்கும் பாகைக்கும் இந்திய மரபில் அளக்கும் பாகைக்கும் இடையிலுள்ள வேறுபாடு. இப்போது அது ஏறத்தாழ 24 பாகை. இதில் ஒரு பாகை தவறினால் கிருத்திகை நேரம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். கம்பைலர் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் இந்தத் தவறைக் கண்டுபிடித்துச் சொல்லாது. தவறான விடையை விரைவாகத் தரும், அவ்வளவுதான்.

சி மொழியிலுள்ள இத்தகைய நிரலை ஆண்ட்ராய்டு செயலிக்குள் கொண்டுவர, கூகுள் 2009 முதல் வழங்கும் என்டிகே என்ற கருவித்தொகுப்பு பயன்படுகிறது. அதிலுள்ள கிளாங் கம்பைலர் ஒரே நிரலை 32 பிட் ஆர்ம் பிராசஸருக்கு ஒன்றாகவும் 64 பிட் ஆர்ம் பிராசஸருக்கு ஒன்றாகவும் தனித்தனிக் கோப்புகளாகத் தொகுத்துத் தருகிறது. திரை, பொத்தான், பட்டியல் ஆகியவற்றைக் கவனிக்கும் மேற்பகுதி கோட்லின் மொழியில் எழுதப்பட்டு, ஜேஎன்ஐ என்ற இணைப்பு வழியாகக் கீழுள்ள சி பகுதியை அழைக்கிறது. ஐபோனில் வேலை இன்னும் எளிது. 2014-இல் ஆப்பிள் அறிமுகம் செய்த ஸ்விஃப்ட், கிறிஸ் லாட்னர் முன்னின்று உருவாக்கிய எல்எல்விஎம் என்னும் தொகுப்பி அடித்தளத்தின் மேல் எழுந்தது. அது இயந்திரக் கட்டளைகளாகவே தொகுக்கப்படுவதோடு, சி நிரலை நேரடியாகவும் அழைக்க வல்லது. 2018 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு வந்த ஃப்ளட்டர் என்னும் செயலி உருவாக்கும் கருவித்தொகுப்பில் எழுதுவோர் பயன்படுத்தும் டார்ட் மொழி, செயலியை உருவாக்கும் கட்டத்தில் ஓடும்போதே தொகுக்கும் முறையிலும், வெளியிடும் கட்டத்தில் முன்கூட்டியே தொகுக்கும் முறையிலும் இயங்குவதால், எழுதுவோருக்கு விரைவும் பயனருக்கு வேகமும் ஒருங்கே கிடைக்கின்றன.

ஆண்ட்ராய்டில் கோட்லினும் ஜாவாவும் எப்படித் தொகுக்கப்படுகின்றன என்பது தனிக் கதை. இவற்றின் கம்பைலர்கள் முதலில் பைட்கோடு என்னும் இடைநிலை வடிவத்தைத்தான் தருகின்றன. 2008-இல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டில் டால்விக் என்ற இயக்கி அந்தப் பைட்கோடை இன்டர்பிரெட்டர் முறையில் ஓட்டியது. 2010-இல் வந்த 2.2 பதிப்பு, அடிக்கடி ஓடும் பகுதிகளை ஓடும்போதே தொகுக்கத் தொடங்கியது. 2014-இல் வந்த 5.0 பதிப்பு, செயலியை நிறுவும்போதே முழுவதையும் தொகுத்தது. நிறுவ அதிக நேரம் பிடித்ததும், நினைவகம் நிறைந்ததும், கைபேசியைப் புதுப்பித்தவுடன் செயலிகள் ஒவ்வொன்றாகச் சீராக்கப்படுவதாக அறிவித்துத் திரை நெடுநேரம் நின்றதும் அந்த முறையின் விளைவுகள். 2016-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து கலப்பு முறை நிலவுகிறது: செயலி முதலில் தொகுக்கப்படாமலே ஓடுகிறது, அடிக்கடி ஓடும் பகுதிகள் குறித்துவைக்கப்படுகின்றன, கைபேசி சார்ஜில் ஓய்வாக இருக்கும் வேளையில் அவை தொகுக்கப்படுகின்றன. வீட்டிலிருப்போருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் திருவிழா நாளில் திருத்தணி ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கேயே செயலியை நிறுவி, சார்ஜ் குறைந்துகொண்டே போகும் கைபேசியோடு படியேறும் பக்தருக்குக் கிடைப்பது அந்தச் செயலியின் மிக மெதுவான நிலை. இந்தக் குறையைப் போக்க, எந்தப் பகுதிகளை நிறுவும்போதே தொகுக்க வேண்டும் என்ற குறிப்பைத் தயாரிப்பாளரே செயலியோடு அனுப்பும் பேஸ்லைன் புரொஃபைல் வசதியைக் கூகுள் 2022-இல் பரவலாக்கியது. அந்தக் குறிப்பைத் தயாரிப்பது நிரலாளருக்குப் பெரிய வேலை ஆகாது. எளிய மக்களுக்காகச் செயலி செய்வோர் இதைத் தவிர்ப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.

கணக்குக்கு அடுத்து எழுத்து. தமிழையும் தெலுங்கையும் திரையில் சரியாகக் காட்டும் வேலையும் தொகுக்கப்பட்ட மொழியில்தான் நடக்கிறது. ‘கொ’ என்ற எழுத்து நினைவகத்தில் ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாக இருக்க, திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். தெலுங்கிலோ கூட்டெழுத்தின் இரண்டாம் மெய் உருமாறி முதல் மெய்யின் அடியில் போய் ஒட்ட வேண்டும். பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முன்னின்று வளர்த்த ஹார்ஃப்பஸ் என்ற சி பிளஸ் பிளஸ் நிரல்தொகுப்பு, ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இந்த வேலையைச் செய்கிறது. தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய எழுத்துகளுக்கான ஆதரவு ஆண்ட்ராய்டில் 2012-இல் வந்த 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது என்பதை நினைத்தால், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் பக்தர்களுக்கு அவர்கள் மொழியில் கைபேசி பேசத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை என்பது புரியும்.

மொழியின் தேர்வு எழுத்துகளை எப்படிப் பாதிக்கிறது என்பதைத் திருத்தணி என்ற பெயரைக் கொண்டே பார்க்கலாம். இந்தப் பெயரின் நீளத்தைக் கேட்டால் ஸ்விஃப்ட் 5 என்று சொல்கிறது. தி, ரு, த், த, ணி என்று தமிழ்ப் பள்ளிக் குழந்தை எண்ணுவதும் அப்படித்தான். கோட்லின் 9 என்கிறது, ஏனெனில் அது மெய்யையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ரஸ்டும் கோவும் 27 என்கின்றன, ஏனெனில் அவை எண்ணுவது பைட்டுகளை. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் இடம் கொள்கிறது. இதே பெயரைத் தெலுங்கில் இரட்டைத் தகரத்தோடு எழுதினாலும் 9, 27 என்ற எண்கள் மாறுவதில்லை. ஆனால் 2023-இல் வந்த யூனிகோடு 15.1 பதிப்பின் விதி தெலுங்குக் கூட்டெழுத்தை ஒன்றாகவே கொள்வதால், அந்த விதியைப் பின்பற்றும் இடங்களில் நீளம் 4 ஆகிறது. இந்த வேறுபாட்டை அறியாத நிரலாளர், சிறிய திரைக்காகப் பெயரைச் சுருக்க நினைத்துக் கோட்லினில் முதல் 3 குறிகளை எடுத்தால் ‘திர’ என்று நிற்கும். கோ மொழியில் 10 பைட்டுகளை எடுத்தால் கடைசி எழுத்து நடுவில் வெட்டுப்பட்டு, பொருளற்ற குறியீடாகத் தெரியும். ரஸ்டில் அதே இடத்தில் வெட்டினால் செயலியே நின்றுவிடும். ஆங்கில எழுத்துகளை மட்டும் கொண்டு சோதித்தால் இந்தப் பிழைகளில் ஒன்றுகூட வெளிப்படாது.

சி, சி பிளஸ் பிளஸ் ஆகிய மொழிகளின் வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. அவற்றில் நினைவகத்தைக் கேட்டுப் பெறுவதும் திருப்பித் தருவதும் எழுதுபவரின் பொறுப்பு. தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்துக்கு வெளியே எழுதிவிட்டால் செயலி முழுவதும் திடீரென மூடிக்கொள்ளும், அல்லது தீயோர் நுழைய வழி கிடைக்கும். 2015-இல் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்ட், இத்தகைய தவறுகளில் பெரும்பாலானவற்றைத் தொகுக்கும் கட்டத்திலேயே மறுத்துவிடுகிறது. ஆண்ட்ராய்டின் உட்பகுதிகளில் புதிய நிரல்களை இத்தகைய பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கிய பின், நினைவகத் தவறுகளால் எழும் பாதுகாப்புக் குறைகளின் பங்கு 2019-இல் 76 சதவீதமாக இருந்தது 2024-இல் 24 சதவீதமாகக் குறைந்ததாகக் கூகுள் அறிவித்தது. பஞ்சாங்கச் செயலியைப் புதிதாகத் தொடங்குவோர் கணக்குப் பகுதியை ரஸ்டில் எழுதி, ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியாகத் தொகுத்துக்கொள்வது இன்று நடைமுறையில் இயலும் காரியம். எனினும், வெறும் பாடல் பட்டியலும் தரிசன நேரமும் காட்டும் செயலிக்கு இவ்வளவும் தேவையில்லை. அதற்குக் கோட்லினோ டார்ட்டோ தாராளமாகப் போதும்.

தொகுத்து வெளியிட்ட நிரலைப் பராமரிப்பதும் தொடர்ந்து நடக்க வேண்டிய வேலை. கூகுள் பிளே 2019 ஆகஸ்ட் முதல் 64 பிட் வடிவத்தைக் கட்டாயமாக்கியபோது, பழைய சி பகுதிகளை வைத்திருந்த செயலிகளை மீண்டும் தொகுத்தாக வேண்டியிருந்தது. நினைவகத்தை 16 கேபி பக்கங்களாகப் பிரிக்கும் புதிய கைபேசிகளுக்கு ஏற்பத் தொகுக்க வேண்டும் என்ற விதி 2025 நவம்பரில் வந்தது. மூல நிரல் தொலைந்துபோன செயலிக்கு இங்கே மீட்சி இல்லை.

வெளியிட்ட பின் எளிதில் மாற்ற முடியாத இந்தத் தன்மைதான் கிருத்திகைச் செயலியில் மிகுந்த கவனம் கேட்கும் இடம். கிருத்திகை ஏறத்தாழ 27 நாட்களுக்கு ஒருமுறை வருவது. ஆடிக்கு 31 அல்லது 32 நாட்கள். ஆகவே சில ஆண்டுகளில் ஆடிக்குள் இரண்டு கிருத்திகைகள் அமைந்துவிடும். 2025-இல் ஜூலை 20, ஆகஸ்ட் 16 என அப்படியே அமைந்தது. செயலி இரண்டையும் பிழையின்றிக் கணித்துத் தரும். ஆனால் திருவிழா எந்த நாளில் என்பதை முடிவுசெய்வது கோயில். போதாததற்கு, வாக்கியக் கணக்கைப் பின்பற்றுவோரும், இன்றைய வானியலை ஒட்டிய திருக்கணிதத்தைப் பின்பற்றுவோரும் ஒரே நட்சத்திரத்துக்கு வெவ்வேறு நேரங்களைச் சொல்கிறார்கள். ஒரே நாளை மட்டும் தேர்ந்தெடுக்கும் விதியை நிரலுக்குள் எழுதித் தொகுத்துவிட்டால், கோயில் வேறு நாளை அறிவிக்கும் ஆண்டில் அதைத் திருத்தப் புதிய பதிப்பு வெளியிட வேண்டும். ஆப்பிளின் விதிகளோ, செயலியின் செயற்பாட்டை மாற்றும் நிரலைப் பின்னர் பதிவிறக்குவதையும் தடுக்கின்றன. எனவே சூரிய சந்திரர் கணக்கைத் தொகுத்த நிரலிலும், கோயில் அறிவிக்கும் விழா நாட்களைத் தனியான சிறு தரவுக் கோப்பிலும் வைப்பதே தக்க அமைப்பு. சில கேபி அளவேயுள்ள அந்தக் கோப்பை, பக்தர் வீட்டிலிருந்து புறப்படும் முன், இணைப்பு நன்றாக இருக்கும்போதே செயலி இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்; எந்தக் கணக்கின்படி எந்த நேரம் என்பதையும், கோயில் அறிவித்த நாள் எது என்பதையும் திரையில் தனித்தனியாக, தமிழிலும் தெலுங்கிலும் காட்ட வேண்டும்.